ரிவால்வர் தோட்டா, ரைஃபிள் குழல், நூறு கெஜ மான்: ஓர் எளிய விளக்கம்

நவம்பர் 15 வந்தால் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பல அலுவலகங்களில் பாதி நாற்காலி காலியாக இருக்கும். துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் அன்றுதான் தொடங்குகிறது. மாதக் கடைசி வரை நடக்கும். சில ஊர்களில் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை விட்டுவிடுவார்கள். டெட்ராய்ட் பக்கம் கார் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் காதில் அந்தப் பருவத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் அடிக்கடி விழும் பேச்சு இது: "ஸ்ட்ரெய்ட் வால்", "ஃபார்ட்டி ஃபோர் மேக்னம்", "லீவர் கன்". தலையாட்டிவிட்டு வருவார்கள். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டை என்றால் வழக்கும் ஜெயிலும்தான். அதனால் நம்மில் பெரும்பாலோருடைய துப்பாக்கி அறிவு சினிமாவும் வீடியோ கேமும் கொடுத்தது.

ரிவால்வர் தோட்டாவை ரைஃபிளில் போட்டு மான் வேட்டையாடும் விஷயத்தில் மூன்று பேச்சுகள் உலாவுகின்றன. ரிவால்வர் தோட்டா பொடிசு, மானுக்குப் போதாது என்பது ஒன்று. அதையே ரைஃபிளில் போட்டால் ரைஃபிள் தோட்டா மாதிரி ஆகிவிடும், முந்நூறு கெஜத்தில் நிற்கும் மானையும் அடிக்கலாம் என்பது இன்னொன்று. இவை இரண்டும் தவறு. மூன்றாவது, இது ஆபத்து குறைந்த தோட்டா, அதனால்தான் சில அமெரிக்க மாநிலங்களின் சட்டம் மான் வேட்டைக்கு இதை அனுமதிக்கிறது என்பது. அதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதிக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் தோட்டாவைக் கையில் எடுத்துப் பார்த்துவிடலாம்.

தோட்டா வேறு, குண்டு வேறு

பேச்சுவழக்கில் இரண்டையும் கலந்துதான் சொல்கிறோம். இந்தக் கட்டுரைக்குள் மட்டும் பிரித்து வைத்துக்கொள்வோம். தோட்டா என்பது முழுச் சரக்கு. பித்தளையில் ஒரு கூடு, அதன் அடியில் ப்ரைமர் என்ற சின்னப் பொட்டு, அடித்தால் தீப்பொறி தரும், கூட்டுக்குள் மருந்து, வாயில் செருகிய குண்டு. விசையை இழுத்தால் பறந்துபோவது குண்டு மட்டும்தான். கூடு துப்பாக்கியிலேயே தங்கிவிடும், அப்புறம் அதை வெளியே தள்ள வேண்டும்.

.44 மேக்னம் என்ற பலமான ரிவால்வர் தோட்டா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முனையிலிருந்து அடிவரை சுமார் 1.6 அங்குலம், கட்டைவிரலின் மேல் கணுவைவிடக் கொஞ்சம் நீளம். அடியில் ஒரு விளிம்பு துருத்திக்கொண்டு நிற்கும். குண்டைச் சுற்றிச் செம்பு உறை, முனையில் மட்டும் சாம்பல் நிற ஈயம் தட்டையாகத் தெரியும். குண்டின் எடை வழக்கமாக 240 கிரெயின். கிரெயின் என்பது துப்பாக்கிக்காரர்களின் எடைக் கணக்கு, பதினைந்தரை கிரெயின் ஏறக்குறைய ஒரு கிராம். அப்படிப் பார்த்தால் இந்தக் குண்டு பதினைந்தரை கிராம். இரண்டு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. மான் வேட்டைக்குப் பரவலாகப் பயன்படும் .308 ரைஃபிள் குண்டு 150 கிரெயின்தான். பொடிசு என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப்போகிறது.

கேலிபர் என்பது குண்டின் விட்டம், அங்குலக் கணக்கில். .308 என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் 308 பங்கு. .44 மட்டும் கொஞ்சம் பெயரளவு, உண்மை அளவு .429. பழைய பெயர்கள் இப்படித்தான், கணக்கு பார்த்து வைக்கப்பட்டவை இல்லை.

நேர்ச்சுவர், பாட்டில் கழுத்து

கூட்டின் சுவர் அடியிலிருந்து வாய்வரை ஒரே அகலத்தில் நேராக ஏறினால் அது ஸ்ட்ரெய்ட் வால் தோட்டா. தமிழில் நேர்ச்சுவர்த் தோட்டா என்று சொல்லிக்கொள்ளலாம். அடியில் அகலமாக இருந்து, தோள் போல ஓரிடத்தில் சட்டென்று குறுகி, ஒடுங்கிய கழுத்தில் குண்டைப் பிடித்திருந்தால் அது பாட்டில் கழுத்துத் தோட்டா. .308, .30-06 போன்ற இன்றைய ரைஃபிள் தோட்டாக்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை. ரிவால்வர் தோட்டாக்கள் பெரும்பாலும் முதல் வகை.

வடிவத்தில் என்ன இருக்கிறது? இடம் இருக்கிறது. பாட்டில் வடிவத்தில் ஒல்லியான குண்டுக்குப் பின்னால் நிறைய மருந்து அடைக்கலாம். லேசான குண்டு, நிறைய மருந்து, வேகம் எகிறும். நேர்ச்சுவர்க் கூட்டில் அந்த வசதி கிடையாது. குண்டு எவ்வளவு அகலமோ கூடும் அவ்வளவே அகலம், உயரமும் குறைவு. மருந்துக்குக் கிடைக்கும் இடம் சிறியது, தள்ள வேண்டிய குண்டோ பெரியது. அதனால் இந்தத் தோட்டாவின் குணம் பிறக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது: கனமான, தடித்த, நிதானமான குண்டு.

இதுவரை: தோட்டாவில் பறப்பது குண்டு. நேர்ச்சுவர்க் கூடு என்றால் கொஞ்ச மருந்து, பெரிய குண்டு, மிதமான வேகம்.

ஒரே தோட்டா, இரண்டு துப்பாக்கி

ரிவால்வர் தோட்டாவை ரைஃபிளில் போடுவது ஏதோ புது யோசனை போலப் பேசப்படுகிறது. 150 வருஷப் பழக்கம் இது. வின்செஸ்டர் கம்பெனி 1873இல் கொண்டுவந்த லீவர் ரைஃபிள் .44-40 என்ற தோட்டாவைச் சுட்டது. சில வருஷத்தில் கோல்ட் கம்பெனி அதே தோட்டாவுக்கு ரிவால்வரும் செய்தது. குதிரையில் நாள்கணக்காகப் போகிறவனுக்கு இடுப்பில் ஒன்று, சேணத்தில் ஒன்று; தோட்டாப் பை மட்டும் ஒன்றே போதும். (அந்த .44-40 லேசாகக் கழுத்து ஒடுங்கிய தோட்டா என்பது ஒரு வேடிக்கை. இன்றைய நேர்ச்சுவர் விதியைக் கறாராகப் பார்த்தால் அது தேறாது.)

லீவர் ரைஃபிள் என்றால் விசைக்குக் கீழே இருக்கும் கைப்பிடி வளையத்தை முன்னே தள்ளிப் பின்னே இழுக்கும் துப்பாக்கி. ஒரு தள்ளலில் காலிக் கூடு வெளியே தெறிக்கும், இழுக்கும்போது அடுத்த தோட்டா உள்ளே ஏறும். தோட்டாக்கள் குழலுக்கு அடியில் ஓடும் இன்னொரு நீளக் குழாய்க்குள் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். இந்தக் குழாய் பின்னால் ஒரு முக்கியமான இடத்தில் திரும்ப வரும்.

இருபதாம் நூற்றாண்டில் ரிவால்வர் தோட்டாக்களின் பலம் ஏறிக்கொண்டே போனது. 1930களின் நடுவில் .357 மேக்னம். 1950களின் நடுவில் .44 மேக்னம்; எல்மர் கீத் என்ற துப்பாக்கி எழுத்தாளர் பல வருஷம் நச்சரித்து, ஸ்மித் அண்ட் வெசனும் ரெமிங்டனும் சேர்ந்து கொண்டுவந்தது. 2003இல் .500 ஸ்மித் அண்ட் வெசன், இரண்டு வருஷம் கழித்து .460. இவற்றைக் கையில் பிடித்துச் சுடுவது லேசான காரியம் இல்லை. தோளில் அணைத்துச் சுடும் ரைஃபிளில் போட்டால் உதை பாதியாகத் தெரியும். .44 மேக்னத்துக்கென்றே ரூகர் கம்பெனி 1961இல் ஒரு குட்டி ரைஃபிள் விட்டது. மார்லின் 1894, ஹென்றி பிக் பாய், ரோஸி 92 போன்ற லீவர் ரைஃபிள்களும் இந்தத் தோட்டாவில் கிடைக்கின்றன.

குழல் நீண்டால் என்ன கிடைக்கிறது

ஸ்டார்ட் ஆகாத காரைத் தள்ளியிருக்கிறீர்களா? பத்தடி தூரம் தள்ளிக் கையை எடுத்துவிட்டால் கார் மெதுவாக உருண்டு நின்றுவிடும். அதே ஆள், அதே பலம், நாற்பதடி தள்ளினால் கார் நல்ல வேகம் பிடித்துவிடும். பலம் கூடவில்லை, தள்ளிய தூரம் கூடியது. குழலுக்குள் நடப்பதும் இதுதான். மருந்து எரிந்து உண்டாகும் வாயு குண்டின் முதுகைத் தள்ளுகிறது. குண்டு குழலுக்குள் இருக்கும்வரைதான் அந்தத் தள்ளல். வாயைத் தாண்டிய அடுத்த நொடி வாயு காற்றில் சிதறிவிடும், குண்டு தன் போக்கில் போகும்.

ரிவால்வரில் இன்னொரு ஓட்டையும் உண்டு, நிஜ ஓட்டை. தோட்டாக்கள் இருக்கும் உருளை சுழல வேண்டும் என்பதால் உருளைக்கும் குழலுக்கும் நடுவில் தாள் கனத்தில் ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள். ஒவ்வொரு சுடுதலிலும் அந்த வழியே கொஞ்சம் வாயு பக்கவாட்டில் பீறிடும். ரைஃபிளில் தோட்டா குழலின் பின்முனைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. கசிவு கிடையாது.

கணக்கில் பார்ப்போம். 240 கிரெயின் .44 மேக்னம், நாலு அங்குல ரிவால்வர் குழலில்: வினாடிக்கு சுமார் 1,180 அடி. அதே பெட்டியிலிருந்து எடுத்த தோட்டா, ரைஃபிள் குழலில்: சுமார் 1,760 அடி. வேகம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்பது பள்ளிப் பாடம். அதனால் ஆற்றல் 740 அடி-பவுண்டிலிருந்து 1,650க்குத் தாவுகிறது, இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு பவுண்டு எடையை ஓரடி உயரத்துக்குத் தூக்கச் செலவாகும் ஆற்றல் ஓர் அடி-பவுண்டு.

அப்படியானால் குழலை நீட்டிக்கொண்டே போனால்? நடக்காது. கூட்டில் இருப்பது கொஞ்ச மருந்து, அதுவும் சீக்கிரம் எரியும் வகை. முதல் சில அங்குலங்களிலேயே பெரும்பாலும் எரிந்து முடிந்துவிடும். அதன்பின் தள்ளுவது விரிந்துகொண்டே போகும் வாயு, போகப் போக அதன் அழுத்தம் குறையும். பதினாறு, இருபது அங்குலம் வாக்கில் லாபம் சொற்பமாகிவிடும். இந்த ரைஃபிள்கள் குட்டையாக, புதருக்குள் நுழைந்து போக வசதியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேகத்தைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றித்தான் பேசுவதே இல்லை: குறி. ரிவால்வரை நீட்டிய கையில் பிடிக்க வேண்டும். ரைஃபிளுக்குத் தோள், கன்னம், இரண்டு கை என்று நாலு இடத்தில் பிடிமானம். மேலே டெலஸ்கோப்பும் பொருத்தலாம். நல்ல பழக்கம் உள்ளவர்கூட ரிவால்வரில் ஐம்பது கெஜத்துக்கு மேல் மானைக் குறிவைக்கத் தயங்குவார். அதே ஆள் ரைஃபிளில் நூறு கெஜத்தில் பதற்றமில்லாமல் சுடுவார். என்னைக் கேட்டால் இந்த ஒன்றுக்காகவே ரைஃபிள் போதும். கூடுதல் வேகம் கொசுறு.

காற்று திருப்பி வாங்கிக்கொள்கிறது

சரி, 1,760 அடி வேகம் வந்துவிட்டது, இனி இது ரைஃபிள் தோட்டாதானே? இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்.

குண்டின் மூக்கைப் பாருங்கள், தட்டை. அது அழகுக்கு இல்லை. லீவர் ரைஃபிளின் குழாய்க்குள் தோட்டாக்கள் வரிசையாகப் படுத்திருக்கும் என்று சொன்னேனே, ஒன்றின் மூக்கு முன்னால் இருப்பதன் ப்ரைமரில் போய் முட்டும். கூர்மையான மூக்கு என்றால் உதை அதிரும்போது அதுவே ஆணியாகி ப்ரைமரைக் குத்தி, குழாய்க்குள்ளேயே வெடித்துவிடலாம். அதனால் தட்டை மூக்கு கட்டாயம். ரப்பர் போன்ற மெத்தென்ற முனை வைத்த கூர்க் குண்டுகளை ஹார்னடி கம்பெனி பிற்பாடு கொண்டுவந்தது. அது கொஞ்சம் உதவும், அதிசயம் செய்யாது. ஏனென்றால் பிரச்சினை மூக்கோடு நிற்கவில்லை. குண்டே அகலத்துக்கு ஏற்ற நீளமில்லாத குள்ளன். குள்ளமும் அகலமும் சேர்ந்தால் காற்று சீக்கிரம் பிடித்து இழுத்துவிடும்.

அதே .44 குண்டு, வாயில் 1,760 அடி வேகத்தில் கிளம்பியது, நூறு கெஜத்தில் சுமார் 1,380. இருநூறு கெஜத்தில் 1,110 வாக்கில், ஏறக்குறைய ஒலியின் வேகம். ஆற்றலும் 1,650, 1,015, 660 என்று இறங்கும். அதாவது ரைஃபிள் குழல் கொடுத்த கூடுதல் ஆற்றல் முழுவதையும் இருநூறு கெஜக் காற்று திரும்ப வாங்கிக்கொள்கிறது. அந்தத் தூரத்தில் மானைத் தொடும் குண்டு, ரிவால்வர் வாயிலிருந்து கிளம்பும் குண்டைவிடப் பலம் குறைந்தது. ஒப்புக்கு .308ஐப் பாருங்கள்: இருநூறு கெஜத்தில் அதற்கு மிச்சமிருக்கும் ஆற்றல் சுமார் 1,700. நம் .44 வாயிலிருந்து கிளம்பும்போது இருப்பதே அவ்வளவுதான்.

ஆற்றலைவிடத் தொல்லை தருவது சரிவு. துப்பாக்கியிலிருந்து கிளம்பிய கணமே குண்டு கீழே விழத் தொடங்குகிறது. மெதுவான குண்டு அதே தூரத்தைக் கடக்க அதிக நேரம் எடுப்பதால் அதிகம் விழும். நூறு கெஜத்தில் மையத்தில் படும்படி டெலஸ்கோப்பைச் சரிசெய்து வைத்தால், 150 கெஜத்தில் .44 குண்டு சுமார் ஆறு அங்குலம் கீழே படும். இருநூறில் ஒன்றரை அடி கீழே. .308 இருநூறில் நாலு அங்குலம் போல்தான் சரியும். வெண்வால் மானின் நெஞ்சுக்கூட்டு உயரமே ஒன்றரை அடிக்குச் சுற்றுவட்டாரம்தான். தூரத்தைக் கண்மதிப்பில் ஐம்பது கெஜம் தப்பாகப் போட்டால் குண்டு நெஞ்சில் பட வேண்டியது காலை உடைக்கும். காலொடிந்த மான் புதருக்குள் ஓடி மறைந்து நாள்கணக்கில் சாகும். வேட்டைக்காரர்கள் பயப்படுவது, பயப்பட வேண்டியது, இதற்குத்தான்.

இதுவரை: நீளக் குழல் வேகத்தையும் நல்ல குறியையும் தருகிறது. குண்டின் வடிவம் மாறவில்லை. அதனால் நூறு, நூற்றைம்பது கெஜம் தாண்டினால் வேகமும் போகிறது, குறியும் சரிகிறது. .460 போன்ற பெரிய அண்ணன்கள் இந்த எல்லையை இன்னும் கொஞ்சம் தள்ளி வைக்கும், அவ்வளவே.

மானுக்குள் என்ன நடக்கிறது

சினிமாவில் குண்டு பட்டவன் பின்னால் பறந்து போய்ச் சுவரில் மோதுவான். அப்படித் தூக்கி எறியும் வேகம் குண்டுக்கு இருந்தால், சுட்டவன் தோளிலும் அதே உதை விழுந்து அவனும் பின்னால் பறந்திருப்பான். நியூட்டனின் மூன்றாம் விதி யாருக்கும் சலுகை தராது. "ஆளைச் சாய்க்கும் சக்தி" என்று விளம்பரங்களில் வருவதை இந்த அளவுக்கு மட்டும் நம்பினால் போதும்.

மான் சாவது ரத்தம் போவதால், நுரையீரல் சுருங்குவதால், மூளைக்கு ரத்தம் நின்றுபோவதால். குண்டின் வேலை நெஞ்சுக்கூட்டில் நுரையீரல்களுக்கும் இதயத்துக்கும் குறுக்கே ஓர் ஓட்டை போடுவது. இந்த வேலையை இரண்டு விதமாகச் செய்யலாம். வேகமான ஒல்லிக் குண்டு, உடம்புக்குள் போனதும் விரிந்து, சுற்றியுள்ள சதையைக் கணநேரம் பலூன் மாதிரி உப்பவைத்துக் கிழிக்கும். அதற்கு வேகம் வேண்டும். மோட்டாவாகச் சொன்னால் வினாடிக்கு இரண்டாயிரம் அடிக்கு மேல். .44 குண்டிடம் அந்த வேகம் கிடையாது. அதனால் அது நம்புவது தன் உடம்பை. உள்ளே போகும் முன்பே அதன் அகலம் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. மெத்தென்ற ஈய முனை சதையில் பட்டதும் காளான் குடைபோல இன்னும் விரியும். எடை இருப்பதால் நிற்காமல் போய் மறுபக்கம் வெளியே வரும்.

மறுபக்கம் வெளியே வருவது முக்கியம். இரண்டு ஓட்டை என்றால் இரண்டு பக்கமும் ரத்தம் சொட்டும். நெஞ்சில் சரியாக அடிபட்ட மானும் பல சமயம் ஐம்பது, நூறு கெஜம் ஓடிய பிறகுதான் விழும். உதிர்ந்த இலைகளுக்கு மேல் ரத்தத் தடம் பிடித்துத்தான் தேடிப் போக வேண்டும். அகலக் குண்டு போட்ட தடம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். கறிக்காக வேட்டையாடுகிறவர்களுக்கு இன்னொரு லாபம், முன்சப்பை ரத்தம் கட்டி வீணாவது குறைவு.

மானுக்கு ஆயிரம் அடி-பவுண்டு வேண்டும் என்று ஒரு பழைய கைக்கணக்கு உண்டு. .44 அந்தக் கோட்டைச் சரியாக நூறு கெஜத்தில் தொடுவதால் அந்தக் கணக்கு எச்சரிக்கைக்கு உதவும். மற்றபடி அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். வில் வேட்டைக்காரரின் அம்பு நூறு அடி-பவுண்டைக்கூடத் தொடுவது அபூர்வம், ஆனால் கூரான முனை நுரையீரலைக் கிழித்தால் மான் விழுந்துவிடுகிறது.

சட்டம் ஏன் கூட்டை அளக்கிறது

ஒஹாயோ, இந்தியானா, அயோவா, தெற்கு மிச்சிகன். தட்டையான சோள வயல்கள், நடுநடுவே வீடுகள், ரோடுகள். மான்களும் ஏராளம். இங்கெல்லாம் பல பத்தாண்டுகளாக பாட்டில் கழுத்து ரைஃபிளுக்கு மான் வேட்டையில் இடமில்லாமல் இருந்தது. தவறிய குண்டு ரொம்ப தூரம் போகும் என்ற பயம். ஷாட்கன்னில் ஸ்லக் எனப்படும் பெரிய ஒற்றை ஈயக் குண்டு போட்டுச் சுடலாம். முன்பக்கமாக மருந்து இடிக்கும் துப்பாக்கியும் சில கைத்துப்பாக்கிகளும் உண்டு. ஸ்லக் தோளில் கொடுக்கும் உதை நல்ல உதை. முதல் தடவை சுடும் பதினைந்து வயசுப் பையனோ பெண்ணோ அதற்கப்புறம் கண்ணை மூடிக்கொண்டுதான் விசையை இழுப்பார்கள்.

அப்போது எழுந்த கேள்வி ரொம்ப எளிமையானது: .44 மேக்னம் ரிவால்வரால் மானைச் சுடச் சட்டம் விடுகிறது; அதே தோட்டாவைத் தோளில் வைத்து இன்னும் துல்லியமாகச் சுட்டால் மட்டும் என்ன குற்றம்? இந்தியானா 2007இல் இதை ஏற்றுக்கொண்டது. ஒஹாயோவும் தெற்கு மிச்சிகனும் 2014இல், அயோவா 2017இல்.

மிச்சிகனிலும் இந்தியானாவிலும் விதி எழுதினவர்கள் தோட்டாப் பெயர்களை அடுக்கவில்லை, அளவைச் சொன்னார்கள். மிச்சிகனின் 2014 விதிப்படி குண்டு .35 கேலிபர் அல்லது அதற்கு மேல், கூடு நேர்ச்சுவர், கூட்டின் நீளம் 1.16 அங்குலத்திலிருந்து 1.80 வரை. இந்த எண்கள் வானத்திலிருந்து விழவில்லை. .44 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டாவின் கூட்டு நீளம் சரியாக 1.16, அதைவிட நூலளவு குட்டையான .38 ஸ்பெஷல், 1.155, மானுக்குப் போதாத தோட்டா, வெளியே நின்றுவிடுகிறது. மேல் எல்லையான 1.80 சரியாக .460 ஸ்மித் அண்ட் வெசனின் நீளம். இந்தியானா முதலில் வைத்த மேல் எல்லை 1.625, அது .500இன் நீளம். அதாவது ரிவால்வர் தோட்டாக்களை வரிசையாக நிறுத்தி, இரண்டு ஓரத்திலும் கோடு கிழித்திருக்கிறார்கள். .45-70 என்ற பழைய பெரிய ரைஃபிள் தோட்டாவும் நேர்ச்சுவர்தான், ஆனால் 2.1 அங்குலம்; ஒஹாயோவில் தேறும், மிச்சிகன் கோட்டில் தேறாது.

கோடு கிழித்தால் அதை ஒட்டி வீடு கட்டும் ஆட்களும் வருவார்கள். வின்செஸ்டரின் .350 லெஜெண்ட், 2019இல் வந்தது, ரிவால்வருக்காகப் பிறக்காத தோட்டா. இந்த மாநிலங்களின் அளவுகளுக்காகவே தைத்த சட்டை. .450 புஷ்மாஸ்டரும் ரிவால்வர் வம்சம் இல்லை, ஆனால் கோட்டுக்குள் அடங்குவதால் மிச்சிகனில் சக்கைப்போடு போட்டது. ஆக, நேர்ச்சுவர்த் தோட்டா எல்லாமே ரிவால்வர் தோட்டா என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்போது அந்தப் பாதி உண்மை. நேர்ச்சுவர்க் குண்டு சீக்கிரம் வேகம் இழக்கும், சீக்கிரம் தரையைத் தொடும், அது சரி. ஆனால் தரையைத் தொட்ட குண்டு அங்கேயே படுத்துவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பென்சில்வேனியா சட்டமன்றக் குழு ஒன்றுக்காக 2007இல் செய்த ஆய்வு இதைத்தான் எடுத்துக்காட்டியது. துப்பாக்கியைத் தரைக்கு இணையாகப் பிடித்துச் சுடும்போது, தரையில் பட்டுத் தெறித்துப் போகும் தூரத்தையும் கூட்டினால், ஷாட்கன் ஸ்லக் .30-06 ரைஃபிள் குண்டைவிடக் கூடுதல் தூரம் போனது. வேகமான ஒல்லிக் குண்டு தெறிக்கும்போது சிதைந்து வேகத்தை விட்டுவிடுகிறது. கனமான மெதுவான குண்டு முழுசாகவே எழும்பிப் போகிறது. .44 குண்டும் அந்த இரண்டாவது சாதியைச் சேர்ந்தது. மேலே தூக்கிச் சுட்டால் ஒரு மைலுக்கு மேல் போகும். மானுக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா என்று பார்ப்பதற்குக் கூட்டின் வடிவம் மாற்று ஆகாது.

எதை எதில் போடலாம்

நடைமுறையில் தேர்வு சுருக்கம். .357 மேக்னம் உதையே இல்லாதது, ஆனால் எழுபது, எண்பது கெஜத்துக்குள் பொறுமையாகக் காத்திருக்கும் ஆளுக்கு மட்டும். .44 மேக்னம் நடுநாயகம், தோட்டா எங்கும் கிடைக்கும், புதியவருக்கு நான் சொல்வது இதைத்தான். .454, .460, .500 எல்லாம் மானுக்கு அதிகப்படி. விலையும் அதிகம், தோளும் வலிக்கும்.

.45 வகையில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். .45 கோல்ட், .454 கசூல், .460 மூன்றுமே ஒரே அகலம், நீளம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். நீளமான தோட்டாவுக்காகச் செய்த ரிவால்வர் அதைவிடக் குட்டையான தம்பிகளையும் ஏற்கும். ரைஃபிள் என்றால் குட்டைத் தோட்டாவைச் சுட முடிந்தாலும் ஒழுங்காக உள்ளே ஏற்றுமா என்று தயாரிப்பாளர் கையேட்டைப் பார்க்க வேண்டும். தலைகீழாக முயலவே கூடாது. .45 கோல்ட்டின் வரையறுத்த அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டு; .454 கசூலுடையது 65,000. இது போதாதென்று, சில சிறு கம்பெனிகள் .45 கோல்ட் கூட்டிலேயே கூடுதல் பலமுள்ள தோட்டா விற்கின்றன. இது புதிய, உறுதியான துப்பாக்கிகளுக்கு மட்டும் என்று பெட்டியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். தாத்தா காலத்து ரிவால்வரில் அதைப் போட்டால் உருளை பிளந்துவிடலாம்.

பெட்டியில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். வேகம் என்று அச்சிட்டிருக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் எந்த நீளக் குழலில் அளந்தது என்று இருக்கிறதா? ரிவால்வர் தோட்டாக்களின் அட்டவணை பெரும்பாலும் குட்டைக் குழலில் அளந்தது. ரைஃபிளுக்கு அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ரிவால்வர் வேகத்தில் விரியும்படி மென்மையாகச் செய்த குண்டு ரைஃபிள் வேகத்தில் கிட்டத்திலேயே உடைந்து சிதறிப்போவதும் உண்டு. "மான்" என்றோ "வேட்டை" என்றோ போட்ட, 240 கிரெயின் வாக்கிலான, தட்டை முனை ஈயம் தெரியும் குண்டு என்றால் பெரும்பாலும் சரியாக இருக்கும். அதில் ஒரு பெட்டியை வாங்கி, சுடுகளத்தில் ஐம்பது, நூறு, நூற்றைம்பது கெஜத்தில் காகிதத்தில் சுட்டு, எங்கே எத்தனை அங்குலம் சரிகிறது என்று துப்பாக்கிக் கட்டையில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். மாநில இயற்கை வளத்துறை ஒவ்வொரு பருவத்துக்கும் வெளியிடும் விதிப் புத்தகத்தையும் அந்த வருஷத்துடையதாகப் பார்த்து எடுங்கள். கோடுகள் அடிக்கடி நகர்கின்றன.